வெளிநாடு போன கோல்கீப்பர் ஏன் பெஞ்சிலேயே இருக்கிறார்?

இந்தியக் கால்பந்தைப் பற்றிப் பேச்சு எடுத்தால் கோல்கீப்பர் குர்பிரீத் சிங் சந்துவின் பெயர் வராமல் இருக்காது. பெயர் வந்த அடுத்த நிமிடமே யாராவது ஒருவர், "நார்வேக்குப் போய் மூணு வருஷம் பெஞ்சைத் தேய்ச்சுட்டு வந்தவர்தானே" என்பார், மாற்று ஆட்கள் உட்காரும் பெஞ்சைச் சொல்லி. இதைப் பல தடவை கேட்டிருக்கிறேன், ஒவ்வொரு தடவையும் எனக்கு வலிக்கும். அப்படிச் சொல்கிறவர்கள் கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை. கோல் போடுகிற ஒரு ஃபார்வர்டு வீரரை எடைபோடும் அதே தராசில் கோல்கீப்பரையும் வைத்துப் பார்க்கிறார்கள், அவ்வளவுதான். இத்தனை வருடத்தில் எத்தனை ஆட்டம், லோனில், அதாவது தற்காலிகமாக வேறு கிளப்புக்கு அனுப்பிவிட்டார்களா, என்ன விலைக்கு விற்றார்கள் என்று கேட்டுக் கணக்குப் போட்டால் உலகத்தின் மிகச் சிறந்த கீப்பர்கள் சிலரின் முதல் பத்து வருடம்கூடத் தோல்வி மாதிரிதான் தெரியும்.

அதனால் அடிப்படையிலிருந்து தொடங்குகிறேன். கால்பந்து பார்க்கிற பழக்கமே இல்லாதவர்களும் படிக்கலாம்.

தலைமை ஆசிரியர் நாற்காலி

ஓர் அரசுப் பள்ளியை நினைத்துக்கொள்ளுங்கள். முப்பது ஆசிரியர்கள் இருக்கிறார்கள். கணக்கு வாத்தியார் லீவு போட்டால் இயற்பியல் ஆசிரியர் அந்த வகுப்பைப் பார்த்துக்கொள்வார், ஒன்பதாம் வகுப்புக்கு எடுப்பவர் பத்தாம் வகுப்புக்கும் எடுப்பார். ஆனால் தலைமை ஆசிரியர் நாற்காலி ஒன்றுதான். அதில் இருப்பவர் ஓய்வு பெற வேண்டும், அல்லது மாறுதலாகிப் போக வேண்டும், அல்லது உடம்புக்கு முடியாமல் நீண்ட விடுப்பில் போக வேண்டும். அதுவரை, தகுதி எல்லாம் இருந்தாலும் அடுத்தவர் காத்திருக்க வேண்டியதுதான்.

கோல்கீப்பரின் நிலைமை அச்சு அசலாக இதுதான். ஒரு பெரிய கிளப்பில் இருபத்தைந்து வீரர்கள் இருந்தால் அதில் மூன்று பேர் கீப்பர்கள். நடுக்கள வீரருக்குக் களத்தில் மூன்று நான்கு இடங்கள் உண்டு, விங்கில் ஆடுபவரை முன்னால் தள்ளலாம், அறுபதாவது நிமிடத்தில் ஒருவரை எடுத்துவிட்டு இன்னொருவரை இறக்கலாம். கீப்பருக்கு இதில் எதுவுமே கிடையாது. முதல் கீப்பர் அடிபட்டாலோ சிவப்பு அட்டை வாங்கினாலோ ஒழிய அவரை யாரும் நடுவில் மாற்றுவதில்லை. சில கிளப்புகளில் இரண்டாவது கீப்பருக்கு உள்நாட்டுக் கோப்பை ஆட்டங்களைக் கொடுப்பார்கள். அதற்கு மேல் அவருக்குக் கிடைப்பது எல்லாம் அதிர்ஷ்டம்.

இது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு பிராட் ஃப்ரீடல் ஓர் உதாரணம். அமெரிக்கர். 2004-லிருந்து 2012 வரை இங்கிலாந்து பிரீமியர் லீக்கில் பிளாக்பர்ன், ஆஸ்டன் வில்லா, டாட்டன்ஹாம் என மூன்று கிளப்புகளுக்குத் தொடர்ச்சியாக 310 ஆட்டங்கள் ஆடினார், ஒன்றைக்கூட விடாமல். அந்த எட்டு வருடமும் அவருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த இரண்டாவது கீப்பர்களை நினைத்துப் பாருங்கள். 2012 ஆகஸ்ட் கடைசியில் பிரான்ஸ் அணியின் கேப்டன் ஹூகோ லோரிஸ் டாட்டன்ஹாமுக்கு வந்து சேர்ந்தார், அவரும் சில வாரங்கள் பெஞ்சில்தான் இருந்தார். முன்னால் நின்றவருக்கு வயது 41! அக்டோபரில்தான் லோரிஸுக்கு லீக்கில் இடம் கிடைத்தது, ஃப்ரீடலின் தொடர் அங்கே முடிந்தது. லோரிஸ் பெஞ்சில் இருந்தார் என்று யாராவது அவரைத் தோற்றவர் என்பார்களா?

ஒரு நாற்காலி நகர்ந்தால்

ஆசிரியர் மாறுதல் கலந்தாய்வு நடக்கிற ஊர்களில் இது எல்லோருக்கும் தெரியும். எங்கோ ஒரு மாவட்டத்தில் ஓர் இடம் காலியானால் அதை நிரப்ப ஒருவர் போவார், அவர் விட்ட இடத்துக்கு இன்னொருவர், அந்த இடத்துக்கு மற்றொருவர். கீப்பர் சந்தையும் இப்படித்தான் சங்கிலியாக ஓடுகிறது, ஏனென்றால் ஒவ்வொரு கிளப்பிலும் நாற்காலி ஒன்றே ஒன்று.

2018-ஐ எடுத்துக்கொள்வோம். மே 26-ம் தேதி, ஐரோப்பாவின் முன்னணி கிளப்புகள் மோதும் சாம்பியன்ஸ் லீக்கின் இறுதி ஆட்டம், ரியல் மாட்ரிட் 3, லிவர்பூல் 1. லிவர்பூல் கீப்பர், ஜெர்மனியைச் சேர்ந்த லோரிஸ் காரியுஸ், இரண்டு பெரிய தவறுகள் செய்தார். (அந்த ஆட்டத்தின்போதே தலையில் அடிபட்டு மூளை அதிர்ச்சி ஏற்பட்டிருக்கலாம் என்று பின்னால் மருத்துவர்கள் சொன்னார்கள். அது பாதிப் பேர் காதில்கூட விழவில்லை.) இரண்டு மாதத்துக்குள் லிவர்பூல், ரோமாவிலிருந்து பிரேசில் கீப்பர் அலிசனை வாங்கியது. ரோமாவில் காலியான இடத்துக்கு கோபன்ஹேகன் கிளப்பிலிருந்து ஸ்வீடன் கீப்பர் ராபின் ஓல்சன் வந்தார். காரியுஸ் லோனில் துருக்கியின் பெசிக்டாஷுக்குப் போனார்.

அதே கோடையில் இன்னொரு சங்கிலி. ரியல் மாட்ரிட், செல்சியிலிருந்து பெல்ஜியம் கீப்பர் திபோ குர்துவாவை எடுத்தது. செல்சி உடனே ஸ்பெயினின் அத்லெடிக் பில்பாவ் கிளப்பிலிருந்து கெபாவை 8 கோடி யூரோவுக்கு வாங்கி, கீப்பருக்குக் கொடுத்த தொகையில் அலிசன் வைத்திருந்த உலக சாதனையைச் சில வாரங்களிலேயே முறியடித்தது. மாட்ரிட்டில் அதுவரை நாற்காலியில் இருந்த கோஸ்டா ரிகாவின் கெய்லர் நவாஸ் ஓரம் கட்டப்பட்டு, அடுத்த வருடம் பாரிஸ் போனார். கெபா செல்சியில் சரியாக ஆடாததால் 2020-ல் பிரான்சின் ரென் கிளப்பிலிருந்து எட்வார் மெண்டி வந்தார். மெண்டி 2014-ல் கிளப்பே இல்லாமல் ஒரு வருடம் வேலை தேடிக்கொண்டு இருந்தவர். 2021 மே மாதம் அவர் கையில் சாம்பியன்ஸ் லீக் கோப்பை.

இந்தச் சங்கிலியில் நவாஸ் திறமை குறைந்து வெளியே போகவில்லை, மெண்டியும் திடீரென்று ஒரே இரவில் திறமைசாலி ஆகவில்லை. இடம் காலியாகும் நேரமும் தயாராக இருக்கிற ஆளும் ஒன்று சேர்ந்தார்கள். வெளிநாட்டில் ஆடும் கீப்பரின் வாழ்க்கையில் பாதிக்கு மேல் இந்த ஒரு விஷயம்தான். மீதியைப் புரிந்துகொள்ள, இடம் மாறுவது எப்படி நடக்கிறது என்று தெரிய வேண்டும்.

'விலை' என்று எதைச் சொல்கிறோம்?

டிரான்ஸ்ஃபர் என்றதும் ஆளையே விற்று வாங்குகிறார்கள் என்று நினைக்கிறோம். நடப்பது அதுவல்ல. சென்னையில் ஐடி கம்பெனியில் வேலை பார்ப்பவர்களுக்கு நோட்டீஸ் பீரியட் தெரியும். மூன்று மாதம் இருந்துவிட்டுத்தான் போக வேண்டும் என்று ஒப்பந்தம், புதிய கம்பெனிக்கோ ஆள் இப்போதே வேண்டும், அதனால் மிச்ச நாட்களுக்கான பணத்தை அவர்களே கட்டிவிட்டு அழைத்துக்கொள்கிறார்கள். டிரான்ஸ்ஃபர் கட்டணமும் அடிப்படையில் இதுவே: நடப்பில் இருக்கும் ஒப்பந்தத்தை முன்கூட்டியே முடித்துக்கொள்ள, பழைய கிளப்புக்குப் புதிய கிளப் தரும் இழப்பீடு. ஒப்பந்தம் நான்கு வருடம் மிச்சமிருந்தால் தொகை அதிகம், ஆறு மாதம்தான் மிச்சம் என்றால் குறைவு. அதே ஆள், அதே திறமை, விலை மட்டும் வேறு. ஆகவே தொகையைப் பார்த்து ஆளை மதிப்பிடுவது சரியாக வராது. பீட்டர் ஷ்மைக்கேலை 1991-ல் டென்மார்க்கின் பிராண்ட்பி கிளப்பிலிருந்து மான்செஸ்டர் யுனைடெட் சுமார் 5 லட்சம் பவுண்டுக்கு எடுத்தது. பிரீமியர் லீக் கண்ட மிகச் சிறந்த கீப்பர் அவர்தான் என்று இன்றும் பலர் சொல்வார்கள், எனக்கும் அதே எண்ணம்தான்.

ஸ்பெயினில் ஒப்பந்தத்திலேயே ஒரு தொகையை எழுதி வைப்பார்கள், அதற்கு ரிலீஸ் கிளாஸ் என்று பெயர். அந்தத் தொகையைக் கட்டினால் பழைய கிளப் முடியாது என்று சொல்ல வழியில்லை. கெபாவுக்கான 8 கோடி யூரோ இந்த வகை.

சரி, ஒப்பந்தம் முழுதாக முடிந்துவிட்டால்? இப்போது பதில் சுலபம்: வீரர் ஃப்ரீ ஏஜென்ட், அதாவது யாருக்கும் பணம் தராமல் விரும்பிய கிளப்பில் சேரலாம். 1995 வரை இப்படி இல்லை. பெல்ஜியத்தின் லியேஜ் கிளப்பில் இருந்த ஜான்-மார்க் போஸ்மான் என்பவரின் ஒப்பந்தம் 1990-ல் முடிந்தது, பிரான்சின் டன்கர்க் கிளப் அவரை அழைத்தது, ஆனால் லியேஜ் பணம் கேட்டு விடமறுத்தது. வேலை முடிந்த பிறகும் பழைய முதலாளி கையைப் பிடித்து வைத்திருப்பது மாதிரி. அவர் வழக்குப் போட்டு ஐந்து வருடம் அலைந்தார். 1995 டிசம்பர் 15 அன்று ஐரோப்பிய நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பு சொன்னது. அவருடைய சொந்த ஆட்ட வாழ்க்கை அதற்குள் முடிந்தே போயிருந்தது. இன்று சுதந்திரமாகக் கிளப் மாறுகிற ஒவ்வொரு வீரரும் அந்த மனிதருக்குக் கடன்பட்டவர்.

ஒப்பந்தம் இருக்கும்போதே சொல்லாமல் கிளம்பினால் என்ன ஆகும் என்பதற்கும் ஒரு கீப்பரே உதாரணம். எகிப்தின் எஸ்ஸாம் எல் ஹதாரி, 2008 பிப்ரவரியில் ஆப்பிரிக்கக் கோப்பையை வென்ற கையோடு, கெய்ரோவின் அல் அஹ்லி கிளப்போடு ஒப்பந்தம் முடிவதற்கு முன்பே சுவிட்சர்லாந்தின் சியோன் கிளப்பில் போய்ச் சேர்ந்தார். உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபா அவருக்கு நான்கு மாதத் தடை விதித்தது, பெரிய தொகையை இழப்பீடாகவும் கட்டச் சொன்னது. இவரைக் கடைசியில் மறுபடி பார்ப்போம்.

சுருக்கமாகச் சொன்னால்: கட்டணம் என்பது ஒப்பந்தத்தின் மிச்ச காலத்துக்கு, ஒப்பந்தம் முடிந்தால் கட்டணம் இல்லை, நடுவில் முறித்தால் தண்டனை.

டி.சி. இல்லாமல் சேர்க்க மாட்டார்கள்

பிள்ளையை வேறு பள்ளியில் சேர்க்கப் போனால் முதலில் கேட்பது டி.சி. கால்பந்திலும் அப்படியே ஒன்று இருக்கிறது, அதற்குப் பெயர் சர்வதேச மாற்றுச் சான்றிதழ். குர்பிரீத் 2014-ல் கொல்கத்தாவின் ஈஸ்ட் பெங்காலிலிருந்து நார்வேயின் ஸ்டாபெக் கிளப்புக்குப் போனார். இதுபோல நாடு தாண்டும்போது இந்தியக் கால்பந்து சம்மேளனம் அந்தச் சான்றிதழைக் கொடுக்க, நார்வே சம்மேளனம் பெற்றுக்கொண்டு பதிவு செய்தால்தான் வீரர் களத்தில் இறங்கலாம். இரண்டு கிளப்பும் கைகுலுக்கி, கழுத்தில் புதுத் துண்டைப் போட்டுப் போட்டோ எடுத்துக்கொண்டாலும் இந்தக் காகிதம் வராவிட்டால் ஆட முடியாது. 2010-லிருந்து இதெல்லாம் ஃபிஃபாவின் கணினி முறை வழியாகவே நடக்கிறது.

பள்ளிச் சேர்க்கைக்குக் காலம் இருப்பது போல இந்தப் பதிவுக்கும் காலம் உண்டு. அதுதான் டிரான்ஸ்ஃபர் விண்டோ. வருடத்தில் இரண்டு முறை திறக்கும், கடைசி நாள் தாண்டினால் அடுத்த முறை வரை காத்திருக்க வேண்டும். கீப்பர்களுக்கு மட்டும் சில நாடுகளில் ஒரு சின்னச் சலுகை இருக்கிறது: இங்கிலாந்தில் ஒரு கிளப்பில் இருக்கிற எல்லா கீப்பரும் அடிபட்டுப் போனால், விண்டோ மூடியிருந்தாலும் அவசர லோனில் ஒருவரை எடுக்க அனுமதி கேட்கலாம். கோல் வாசலில் ஆளில்லாமல் ஆட்டம் நடத்த முடியாதே.

கடைசி நாள் எவ்வளவு கொடூரமானது என்று 2015 ஆகஸ்ட் 31-ம் தேதி காட்டியது. மான்செஸ்டர் யுனைடெட்டிலிருந்து கீப்பர் டேவிட் டி ஹேயா ரியல் மாட்ரிட்டுக்கு, அதற்கு ஈடாக நவாஸ் மான்செஸ்டருக்கு. பேச்சு முடிந்துவிட்டது. நவாஸ் மூட்டை கட்டிக் கிளம்பத் தயாராக மாட்ரிட் விமான நிலையம் வரை போய்விட்டார். ஸ்பெயினில் நள்ளிரவில் விண்டோ மூடுகிறது. ஆவணங்கள் நேரத்துக்குள் போய்ச் சேரவில்லை. இரண்டு கிளப்பும் மறுநாள் ஒருவரை ஒருவர் குற்றம் சாட்டி அறிக்கை விட்டுக்கொண்டார்கள்.

நவாஸ், தன்னை அழைத்து வந்த கிளப்பே அனுப்பிவிடப் பார்த்த ஆள் என்ற நிலையில், மறுநாள் பயிற்சிக்குத் திரும்பினார். அடுத்த மூன்று வருடம், 2016, 2017, 2018, மூன்று சாம்பியன்ஸ் லீக் கோப்பைகள், மூன்றிலும் அவர்தான் கோல் வாசலில். அதற்கு முந்தைய கதையும் தெரிந்திருக்க வேண்டும்: கோஸ்டா ரிகாவிலிருந்து 2010-ல் ஸ்பெயின் இரண்டாம் டிவிஷனின் அல்பசேதே கிளப்புக்கு வந்து, அந்தக் கிளப் அதற்கும் கீழே இறங்கி, அப்புறம் லெவாந்தேயில் இரண்டு வருடம் இரண்டாவது கீப்பராக இருந்து, 2013-ல்தான் முதல் இடம் கிடைத்து, 2014 உலகக் கோப்பையில் ஐந்து ஆட்டத்தில் இரண்டே கோல் விட்டுக் கோஸ்டா ரிகாவைக் காலிறுதி வரை கொண்டுபோனவர். ஒரு காகிதம் கொஞ்ச நேரம் முன்னால் போயிருந்தால் அந்த மூன்று கோப்பைகளும் வேறு யாருடையதோ.

லோன் என்றால் வேண்டாம் என்று அர்த்தமா?

அரசு அலுவலகங்களில் டெபுடேஷன் என்று ஒன்று உண்டு. ஆள் ஒரு துறையைச் சேர்ந்தவர், வேலை பார்ப்பது இன்னொரு துறையில், காலம் முடிந்ததும் தாய்த் துறைக்குத் திரும்பிவிடுவார். லோன் அதுதான். ஒப்பந்தம் பழைய கிளப்போடு இருக்க, ஒரு சீசனோ பாதி சீசனோ வேறு கிளப்புக்கு ஆடுவது. சம்பளத்தை யார் எவ்வளவு தருவது என்று இரு கிளப்பும் பேசிக்கொள்ளும்.

ஃபார்வர்டு வீரரை லோனில் அனுப்பினால் பல நேரம் 'இவர் நமக்கு ஒத்துவரவில்லை' என்ற அர்த்தம் இருக்கலாம். கீப்பர் விஷயத்தில் பெரும்பாலும் தலைகீழ். இளம் கீப்பருக்கு ஆட்டம் வேண்டும், தன் கிளப்பில் நாற்காலி காலி இல்லை, அதனால் வேறு நாற்காலியில் உட்கார வைத்துப் பழக்குகிறார்கள். குர்துவாவை 2011-ல் செல்சி வாங்கியது, வாங்கிய உடனே மாட்ரிட்டின் அத்லெடிகோவுக்கு லோனில் அனுப்பியது, மூன்று வருடம் அங்கேயே ஆடினார், ஸ்பெயின் லீக்கையே வென்றார். 2014 சாம்பியன்ஸ் லீக் அரையிறுதியில் அவருடைய தாய்க் கிளப்பான செல்சிக்கு எதிராகவே அத்லெடிகோவுக்கு நின்று, 3-1 என்று ஜெயித்து வெளியேற்றினார்!

எல்லோருக்கும் இப்படி அமைவதில்லை. அர்ஜென்டினாவின் எமிலியானோ மார்ட்டினெஸ், மார் டெல் பிளாட்டா என்ற கடலோர ஊரில் பிறந்தவர், 2010-ல் லண்டனின் அர்செனலுக்கு வந்தார். அடுத்த பத்து வருடத்தில் லோனில் போன கிளப்புகள்: ஆக்ஸ்ஃபோர்டு யுனைடெட், ஷெஃபீல்டு வெட்னஸ்டே, ராதர்ஹாம், வுல்வர்ஹாம்டன், ஸ்பெயினின் ஹெதாஃபே, ரெடிங். ஆறு கிளப், ஆறு ஊர், ஒவ்வொன்றிலும் புதிய தற்காப்பு வீரர்கள், புதிய வீடு. ஆக்ஸ்ஃபோர்டில் ஒரே ஆட்டம். ஹெதாஃபேயில் பெரும்பாலும் பெஞ்ச். 2019 முடியும்போது அவர் பெயரைச் சொன்னால் அர்செனல் ரசிகர்களைத் தவிர வேறு யாருக்கும் தெரிந்திருக்காது.

2020 ஜூன் 20, பிரைட்டனுக்கு எதிரான ஆட்டத்தில் அர்செனலின் முதல் கீப்பர் பெர்ன்ட் லெனோவுக்கு முழங்காலில் அடி. மார்ட்டினெஸ் இறங்கினார். ஆகஸ்ட் 1-ம் தேதி இங்கிலாந்தின் உள்நாட்டுக் கோப்பையான எஃப்.ஏ. கோப்பை இறுதி ஆட்டத்தில் அர்செனல் செல்சியை 2-1 என்று வென்றது, கோலில் மார்ட்டினெஸ். லெனோ திரும்பி வந்தால் நாற்காலி உறுதியில்லை என்பதால் செப்டம்பரில் ஆஸ்டன் வில்லாவுக்கு மாறினார். பத்து வருடம் காத்திருந்தவர் இன்னும் ஒரு வருடம் காத்திருக்கலாமே என்று அப்போது சிலர் சொன்னார்கள். அவர் கேட்கவில்லை, அது சரியான முடிவு.

விசாவும் வரம்பும்

திறமை இருக்கிறது, கிளப் அழைக்கிறது, இடம்கூடக் காலி. இன்னும் இரண்டு கதவுகள் மிச்சம்.

முதலாவது வொர்க் பர்மிட், அந்த நாட்டில் வேலை செய்ய அரசு தரும் அனுமதி. இங்கிலாந்தில் இதற்கு, வீரர் தன் தேசிய அணிக்கு எத்தனை ஆட்டம் ஆடியிருக்கிறார் என்று பார்ப்பார்கள். இப்போது புள்ளிக் கணக்கு, முன்பு சதவீதக் கணக்கு. இங்கேதான் கீப்பர் மாட்டிக்கொள்கிறார்: தேசிய அணியிலும் நாற்காலி ஒன்றுதானே. ஒரு நாட்டின் இரண்டாவது சிறந்த கீப்பர் உலகத்தரமாகவே இருந்தாலும் காட்ட ஆட்டக் கணக்கு இருக்காது. 310 ஆட்டம் ஆடிய அதே ஃப்ரீடல் 1990-களில் இங்கிலாந்து கிளப்புகளில் சேரப் பலமுறை முயன்று பர்மிட் கிடைக்காமல் திரும்பினார். அமெரிக்க அணியில் டோனி மியோலாவும் கேசி கெல்லரும் அவரோடு போட்டியில் இருந்தார்கள். துருக்கியின் கலாதசராயில் ஆடி, அமெரிக்கா திரும்பி, கடைசியில் 1997-ல்தான் லிவர்பூல் வந்தார்.

இரண்டாவது, வெளிநாட்டு வீரர் வரம்பு. ஓர் அணி இத்தனை வெளிநாட்டவரைத்தான் ஆடவைக்கலாம் என்ற விதி. எண்ணிக்கை குறைவு என்றால் பயிற்சியாளர் அந்த இடங்களைக் கோல் போடுகிறவர்களுக்குத்தான் ஒதுக்குவார். 1994 நவம்பரில் பார்சிலோனாவுக்கு எதிரான சாம்பியன்ஸ் லீக் ஆட்டத்தில் இந்த வரம்பால் மான்செஸ்டர் யுனைடெட் ஷ்மைக்கேலையே வெளியே உட்கார வைத்தது, 4-0 என்று தோற்றது. போஸ்மான் தீர்ப்பு வந்ததும் ஐரோப்பிய ஒன்றியத்து வீரர்களுக்கு இந்தக் கட்டுப்பாடு போய்விட்டது.

நம் ஊருக்குப் பக்கத்தில் ஓர் உதாரணம் சொல்கிறேன். சென்னையின் எஃப்.சி. 2015-ல் ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்) கோப்பையை வென்றபோது கோலில் நின்றவர் அபூலா எடெல், காமரூனில் பிறந்து ஆர்மீனியாவுக்கு ஆடியவர். அந்த ஆரம்ப சீசன்களில் களத்தில் ஆறு வெளிநாட்டவர் வரை இருக்கலாம். இப்போது நான்கு பேர்தான், அந்த நால்வரில் ஒருவராகக் கீப்பரை வைக்க எந்தக் கிளப்புக்கும் மனசு வருவதில்லை. அதனால் இந்திய கீப்பர்களுக்கு ஆட்டம் கிடைக்கிறது, இது நல்லதுதான்.

இதன் உச்சம் தென்கொரியா. தஜிகிஸ்தானில் பிறந்த கீப்பர் வலேரி சாரிசெவ் 1992-ல் அங்கே இல்ஹ்வா கிளப்புக்கு வந்தார். 1993, 94, 95 என்று மூன்று வருடம் அந்த அணிதான் சாம்பியன். மற்ற கிளப்புகளும் வெளிநாட்டு கீப்பர்களைத் தேட ஆரம்பிக்க, கொரிய கீப்பர்களுக்கு இடமில்லாமல் போனது. லீக் முதலில் வெளிநாட்டு கீப்பர்கள் ஆடக்கூடிய ஆட்டங்களைக் குறைத்தது, 1999-லிருந்து வெளிநாட்டு கீப்பரே கூடாது என்று தடை போட்டது. சாரிசெவ் என்ன செய்தார் தெரியுமா? 2000-ல் கொரியக் குடியுரிமை வாங்கி, தன் பெயரையே ஷின் உய்சோன் என்று மாற்றிக்கொண்டு மறுபடி கோலில் வந்து நின்றார். அந்தப் பெயருக்கு இறைவனின் கை என்று பொருள். அந்த வருடமும் அவர் ஆடிய அணிதான் சாம்பியன்.

ஆக, ஒரு கீப்பர் வெளிநாட்டில் ஆட, காலி இடம், ஒப்பந்தம், சான்றிதழ், விண்டோ, பர்மிட், வரம்பு எல்லாம் ஒரே நேரத்தில் சரியாக அமைய வேண்டும். ஒன்று தவறினாலும் பெஞ்ச்.

பெஞ்சில் என்ன வேலை?

தினமும் காலையில் கீப்பர்கள் மற்றவர்களோடு சேராமல், தங்களுக்கென்று இருக்கும் பயிற்சியாளரோடு தனியாகப் பயிற்சி செய்வார்கள். முதல் கீப்பர் எத்தனை முறை பாய்கிறாரோ இரண்டாவது ஆளும் அத்தனை முறை பாய்கிறார். ஆட்டத்துக்கு முன் முதல் கீப்பரைத் தயார்படுத்தப் பந்துகளை அடிப்பவர்களில் அவரும் ஒருவர். யாருடைய இடத்துக்காகப் போட்டியோ அவரையே தயார் செய்து அனுப்புகிற வேலை இது. கால்பந்தில் வேறு எந்த இடத்திலும் இந்த உறவு இவ்வளவு நெருக்கமாக இருக்காது.

அடுத்தது மொழி. கீப்பருக்கு மட்டும்தான் களம் முழுவதும் கண்ணுக்கு முன்னால் தெரிகிறது, அதனால் தற்காப்பு வீரர்களை நிறுத்துவது அவர் குரல்தான். பந்து தலைக்கு மேல் வரும்போது 'என்னுது, விடு' என்று கத்த அரை நொடிதான் இருக்கிறது, யோசித்து மொழிபெயர்க்க நேரமில்லை. இங்கிலாந்தில் "கீப்பர்!" என்று கத்துவார்கள், ஸ்பெயினில் "மீயா!" என்பார்கள். சொல் தப்பினால் இரண்டு பேர் மோதிக்கொள்வார்கள், பந்து உள்ளே போகும். புதிய நாட்டில் கீப்பருக்குக் காலம் பிடிப்பதற்கு இது பெரிய காரணம். ஆட்ட முறையும் மாறும். இங்கிலாந்தில் கார்னர் என்றால் கீப்பரைச் சுற்றி ஆறேழு பேர் முட்டிக்கொண்டு நிற்பார்கள், ஸ்பெயினில் கீப்பரின் கால் எவ்வளவு நிதானமாகப் பந்தைத் தள்ளுகிறது என்று பார்ப்பார்கள்.

இப்போது குர்பிரீத்துக்கு வருவோம். பஞ்சாப்காரர், 22 வயதில் ஸ்டாபெக் போகிறார். அங்கே லீக் வசந்தத்தில் தொடங்கிக் குளிர்காலத்துக்கு முன் முடியும், நமக்குப் பழகிய கால அட்டவணையே கிடையாது. அவருக்கு முன்னால் நாற்காலியில் இருந்தவர் ஐவரி கோஸ்டின் சயூபா மாண்டே. குர்பிரீத் காத்திருந்தார். 2016 மே மாதம் நார்வே லீக்கில் முதல் ஆட்டம். ஜூன் 30, வேல்ஸ் நாட்டுக் கிளப் ஒன்றுக்கு எதிராக, சாம்பியன்ஸ் லீக்குக்கு அடுத்த ஐரோப்பியப் போட்டியான யூரோப்பா லீக்கின் தகுதிச் சுற்றில் இறங்கினார், அந்தப் போட்டியில் ஆடிய முதல் இந்தியர். 2017-ல் பெங்களூரு எஃப்.சி.க்குத் திரும்பினார்.

அந்த மூன்று வருடத்தில் என்ன கிடைத்தது என்று கேட்பவர்கள் 2019 செப்டம்பர் 10 தோகா ஆட்டத்தைப் பார்க்கலாம். ஆசிய சாம்பியன் கத்தாருக்கு எதிராக, வழக்கமான கேப்டன் சுனில் சேத்ரி இல்லாமல், குர்பிரீத்தே கேப்டன். கத்தார் அடித்துக்கொண்டே இருந்தது. 0-0. அன்று அவர் தன் பெட்டிக்குள் நின்ற விதம், கத்தி ஆட்களை நகர்த்திய விதம், அவசரப்படாமல் பந்தைப் பிடித்து வைத்திருந்த விதம் எல்லாம் தினமும் தன்னைவிட மேலான ஆளோடு போட்டியிட்டுப் பயிற்சி செய்தவருக்கு வருவது என்றே நான் நம்புகிறேன்.

பெண்கள் பக்கமும் ஒருவரைச் சொல்ல வேண்டும். இங்கிலாந்தின் லஃப்பரோ பல்கலைக்கழகத்துக்குப் படிக்கப் போன அதிதி சௌஹான், 2015-ல் வெஸ்ட் ஹாம் மகளிர் அணிக்கு கீப்பராக ஆடினார். அவரைப் பற்றி இங்கே பேசுபவர்கள் ரொம்பக் குறைவு.

வயதுக் கணக்கு

ஓடுகிற வீரருக்கு முப்பது தாண்டினால் வேகம் குறையும். கீப்பருக்கு வேண்டியது பந்து எங்கே வரும் என்று முன்கூட்டியே தெரிகிற கண், அது வருடம் ஏற ஏறக் கூர்மையாகும். இத்தாலியின் டினோ ஸோஃப் 1982 உலகக் கோப்பையைத் தூக்கியபோது வயது 40. அதனால்தான் கீப்பருக்கு இருபதுகளில் பெஞ்சில் போன காலம் வீணாகிவிடுவதில்லை, பின்னால் ஆடுவதற்கு நிறைய வருடங்கள் இருக்கின்றன.

மார்ட்டினெஸ் அர்ஜென்டினாவுக்கு முதல் ஆட்டம் ஆடியது 2021 ஜூனில், 28 வயதில். அடுத்த மாதமே தென் அமெரிக்க நாடுகளின் கோபா அமெரிக்கா அரையிறுதியில் கொலம்பியாவின் மூன்று பெனால்டிகளைத் தடுத்தார், கோப்பையும் வந்தது. 2022 டிசம்பர், உலகக் கோப்பை இறுதி, 3-3, கூடுதல் நேரமும் முடிந்து 123-வது நிமிடம். பிரான்சின் கோலோ முவானி தனியாக எதிரே வந்து அடித்த பந்தை இடது காலை நீட்டித் தடுத்தாரே, அந்தக் கால் ஆக்ஸ்ஃபோர்டில் ஒரே ஆட்டம் ஆடிவிட்டுத் திரும்பிய பையனின் கால்.

நான்கு மாதத் தடை வாங்கிய எல் ஹதாரியை விட்டுவிட்டோம். சியோனுக்குப் பிறகு எகிப்திலும் சூடானிலும் சவுதியிலும் ஆடினார், முன்னும் பின்னுமாக மொத்தம் நான்கு ஆப்பிரிக்கக் கோப்பைகளை வென்றார், ஆனால் உலகக் கோப்பை மட்டும் கைக்கு வரவில்லை, எகிப்து தகுதியே பெறவில்லை. 2018-ல் தகுதி பெற்றது. முதல் இரண்டு ஆட்டமும் அவர் பெஞ்சில். ஜூன் 25, வோல்கோகிராட், சவுதி அரேபியாவுக்கு எதிராகக் கடைசி ஆட்டத்தில் இறக்கினார்கள். வயது 45 வருடம் 161 நாள், உலகக் கோப்பையில் அதுவரை அவ்வளவு வயதான யாரும் ஆடியதில்லை. 41-வது நிமிடத்தில் சவுதிக்குப் பெனால்டி. ஃபஹத் அல் முவல்லத் அடித்தார். ஹதாரி வலது பக்கம் பாய்ந்து கையை உயர்த்தினார், பந்து கையில் பட்டு மேல் கம்பத்தில் மோதி வெளியே போனது.